தேனைக் கெடாமல் பாதுகாப்பது எப்படி?

திருக்குர்ஆனின் 16-வது அத்தியாயத்துக்கு ‘அந்நஹ்ல்’, அதாவது தேனீ என்று பெயர். தேனீயின் வயிற்றிலிருந்து வெளிவரும் பானத்தில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதாக அதன் 69-வது வசனம் குறிப்பிடுகிறது. இதனால் நம் வீடுகளில் தேனுக்குத் தனி மதிப்பு உண்டு. வசதி குறைந்த குடும்பங்களிலும் ஒரு சிறு பாட்டில் தேன் இருக்கும்.

ஆனால் அதை வைத்துக்கொள்ளும் விதத்தில் தவறுகள் நடக்கின்றன. உறைந்துவிட்டது என்று நல்ல தேனைக் கொட்டிவிடுகிறோம். புளித்துப்போனதைத் தெரியாமல் சாப்பிடுகிறோம். எல்லாவற்றையும் விட ஆபத்தானது, பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவுவது. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேன் ஏன் நீண்ட நாள் இருக்கிறது?

பூவில் இருக்கும் மதுவில் பெரும்பகுதி தண்ணீர்தான். தேனீக்கள் அதைக் கூட்டுக்குக் கொண்டுவந்து, சிறகுகளால் விசிறி விசிறி நீரை வற்ற வைக்கின்றன. நன்கு முதிர்ந்த பிறகே மெழுகால் அறையை மூடுகின்றன. அப்படி முதிர்ந்த தேனில் நீர் ஏறத்தாழ 17 முதல் 20 சதவீதம்தான் இருக்கும். மீதியில் பெரும்பகுதி சர்க்கரைகள். இவ்வளவு அடர்த்தியில் கிருமிகள் வளர்வதற்குத் தேவையான நீர் கிடைப்பதில்லை. தேனுக்கு இயல்பாகவே புளிப்புத்தன்மை இருப்பதும் ஒரு பாதுகாப்பு.

ஆனால் தேன் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீர் கூடினால், அதில் உறங்கிக் கிடக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு தேனைப் புளிக்க வைக்கும். ஆகவே, ஈரம் சேராமல் பார்த்துக்கொள்வதே தேனைப் பாதுகாப்பதில் முதல் வேலை.

எதில், எங்கே வைப்பது?

• கண்ணாடி பாட்டிலே சிறந்தது. கழுவி, வெயிலில் முழுவதும் காய வைத்த பிறகே தேனை ஊற்ற வேண்டும். ஒரு கிலோ தேனுக்கு முக்கால் லிட்டர் பாட்டில் போதும். தேன் தண்ணீரை விட அடர்த்தியானது.

• பித்தளை, செம்பு, இரும்புப் பாத்திரங்கள் வேண்டாம். தேனின் புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஊறுகாய் இருந்த பாட்டிலும் வேண்டாம், வாசனை ஏறிவிடும்.

• மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இதில் கூடுதல் கவனம் தேவை.

• அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி, ஜன்னல் ஓரம் ஆகியவை ஏற்ற இடங்கள் அல்ல. சூடும் வெளிச்சமும் தேனின் நிறத்தைக் கருக்கி, மணத்தையும் குறைத்துவிடும். வெயில் படாத, காற்றோட்டமான அலமாரியின் கீழ்த்தட்டு நல்லது.

• மொத்தமாக வாங்கினால், அன்றாடத் தேவைக்குச் சிறு பாட்டிலில் எடுத்துக்கொண்டு பெரிய பாட்டிலைத் திறக்காமல் வையுங்கள்.

• ஈரக் கரண்டியையோ, வாயில் வைத்த கரண்டியையோ பாட்டிலுக்குள் விடக்கூடாது. வீடுகளில் தேன் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

• எறும்பு வந்தால், பாட்டிலின் வெளிப்புறத்தைத் துடைத்து, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் பாட்டிலை வையுங்கள்.

கருஞ்சீரகப் பொடி, பூண்டு, நெல்லிக்காய் போன்றவற்றைத் தேனில் கலந்து வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சையான பொருட்களில் உள்ள நீர் தேனில் இறங்கிவிடும். அப்படிக் கலந்த தேன், தனித்தேன் போல நாள்பட இருக்காது. முழு பாட்டிலிலும் கலக்காமல், சில நாள் தேவைக்கு மட்டும் தனியே கலந்துகொள்ளுங்கள்.

உறைந்தால் கெட்டதா?

இல்லை. தேனில் உள்ள குளுக்கோஸ் மணிமணியாகப் பிரிந்து படிவதுதான் உறைதல். பூவைப் பொறுத்து சில தேன் விரைவில் உறையும். சில தேன் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். 14 டிகிரி அளவுக் குளிரில் இது வேகமாக நடக்கும். அதனால் ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை. உறைந்ததை வைத்து, சர்க்கரைப் பாகு கலந்துவிட்டார்கள் என்று விற்றவரைக் குறை சொல்லவும் முடியாது.

உறைந்த தேனை அப்படியே சாப்பிடலாம். இளக்க வேண்டுமானால், கை பொறுக்கும் சூட்டில், அதாவது சுமார் 40 டிகிரியில், தண்ணீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து, தண்ணீர் உள்ளே போகாத அளவுக்குப் பாட்டிலை அதில் நிறுத்துங்கள். ஆற ஆற வெந்நீரை மாற்றுங்கள். உலர்ந்த கரண்டியால் கிளறினால் மெல்ல இளகும். நேராக அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம்.

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுப் பற்ற வைப்பது போன்ற சோதனைகளாலும் கலப்படத்தை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வகப் பரிசோதனை வேண்டும். கடையில் வாங்கும்போது லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கெட்டதன் அடையாளம் என்ன?

மேலே நுரை கட்டி நிற்பது, திறக்கும்போது காற்று சீறுவது, புளித்த வாடை, நாவில் புளிப்பு. இவை சேர்ந்து தெரிந்தால் அந்தத் தேன் புளித்துவிட்டது. புளிப்பு முற்றினால் அதில் ஆல்கஹாலும் உண்டாகும். கொதிக்க வைத்துச் சரிசெய்யலாம் என்று பார்க்காமல், அதைத் தவிர்த்துவிடுங்கள். பாட்டிலில் ஊற்றியதும் மேலே வரும் மெல்லிய காற்றுக் குமிழிகள் வேறு; அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் வேண்டாம்

பெற்றோர்களும் பாட்டிமார்களும் இந்தப் பகுதியை அவசியம் கவனிக்க வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், எவ்வளவு கவனமாகப் பாதுகாத்திருந்தாலும் இதற்கு வாய்ப்புண்டு. வீட்டில் சூடாக்குவதால் அந்த வித்துகள் அழியாது. வளர்ந்தவர்களின் குடலில் அவை பொதுவாக வளர முடிவதில்லை. ஆனால் பச்சிளம் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். இது அபூர்வமாகவே வரும். வந்தால் மூச்சையே பாதிக்கும்.

மலச்சிக்கல், பால் குடிக்கச் சக்தியில்லாமை, அழுகை மெலிதல், இமை சரிதல், கைகால் துவளுதல் ஆகியவை அறிகுறிகள். இவற்றைக் கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேன் கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சேனை வைப்பதற்கும் தஹ்னீக் செய்வதற்கும் தேன் எடுப்பவர்கள் உண்டு. நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் தடவியதாகவே ஹதீஸ்களில் வருகிறது. எனவே தேன்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எப்படிச் செய்வது என்பதைக் குழந்தை மருத்துவரிடமும் ஊர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும் தாய் தேன் சாப்பிடுவதில் தடையில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், தேனும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்பதை மனதில் வைத்து, மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு சொட்டுத் தேனுக்குப் பின்னால் எத்தனையோ தேனீக்களின் உழைப்பு இருக்கிறது. உலர்ந்த பாட்டில், உலர்ந்த கரண்டி, இறுகிய மூடி ஆகிய மூன்றையும் பேணினால் அந்த நிஃமத் வீண் விரயமாகாமல் குடும்பத்துக்குப் பயன்படும், இன்ஷா அல்லாஹ்.