'தடையின்மைச் சான்று': சிவகாசிப் பட்டாசுத் தொழிலை முன்வைத்து ஓர் ஆட்சிச்சொல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

'நோ அப்ஜெக்‌ஷன் சர்டிஃபிகேட்' என்னும் ஆங்கில அலுவலகத் தொடர் தமிழில் 'தடையின்மைச் சான்று', 'தடையில்லாச் சான்று', 'ஆட்சேபணையில்லாச் சான்று' எனப் பலவாறு வழங்குகிறது. விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளுக்கான உரிம நடைமுறையில் இத்தொடர் பெறும் பொருளையும், மொழிபெயர்ப்பில் அப்பொருள் அடையும் மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆட்சித்தமிழ், மொழிபெயர்ப்பு, தடை, ஆட்சேபணை, சிவகாசி, வெடிபொருள் விதிகள்

முன்னுரை

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் தமிழக அலுவலகங்களில் ஆங்கிலத் தொடர்கள் பல தமிழ் வடிவம் பெற்றன. அவற்றுள் மக்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் தொடர்களில் ஒன்று 'தடையின்மைச் சான்று'. கடவுச்சீட்டு, கட்டட அனுமதி, வாகனப் பெயர்மாற்றம் எனப் பல இடங்களில் இது கேட்கப்படுகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் இச்சான்றுக்கு உயிர்ப் பாதுகாப்போடு தொடர்பு உண்டு. அதனால் இச்சொல் எதனைக் குறிக்கிறது என்பதை அங்கு வாழ்வோர் தெளிவாக அறிந்திருப்பது இன்றியமையாதது.

சான்றும் உரிமமும்

2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு உரிமம் வழங்க வேண்டிய ஆலைகளுக்கு, முதலில் மாவட்ட நிர்வாகத்திடம் இச்சான்றைப் பெற வேண்டும். விண்ணப்பம் வந்ததும் மாவட்ட நிர்வாகம் அறிவிப்பு வெளியிட்டுப் பொதுமக்களின் ஆட்சேபணைகளைக் காரணங்களுடன் கோருகிறது. அவற்றை விசாரிக்கும் நாளையும் இடத்தையும் குறிப்பிடுகிறது. விண்ணப்பதாரரின் பின்னணி, நிலத்தின் மீது அவருக்குள்ள உரிமை, நோக்கத்தின் உண்மைத்தன்மை, பொதுநலன் ஆகியன ஆராயப்படுகின்றன. அதன் பின்னரே சான்று வழங்குவதா மறுப்பதா என்பது முடிவாகிறது. ஆலை இயங்குவதற்கான அனுமதியை அளிப்பது உரிமம். இச்சான்று உரிமத்திற்கு முந்திய ஒரு படியே ஆகும்.

ஐரோப்பியக் கத்தோலிக்கப் பதிப்பு மரபில் இத்தகைய இருபடி முறை உண்டு. நூலைப் படித்த தணிக்கையாளர் 'நிகில் ஓப்ஸ்தாத்' (எதுவும் தடுக்கவில்லை) என எழுதுவார். அதன்பின் ஆயர் 'இம்ப்ரிமாத்தூர்' (அச்சிடப்படலாம்) என அனுமதி தருவார். இரண்டும் வெவ்வேறு செயல்கள், வெவ்வேறு பொறுப்புகள்.

சொற்பொருள் வேறுபாடு

ஆங்கிலத்தின் 'அப்ஜெக்‌ஷன்' என்பது 'எதிரே எறிதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. 'ஆட்சேபணை' என்னும் வடசொல்லின் அடியும் 'எறிதல்' என்னும் பொருளுடைய 'க்ஷிப்' என்பதே. ஒருவர் மற்றொருவரின் கருத்துக்கு எதிராகச் சொல்லை எறிகிறார் என்னும் கருத்தோட்டம் இரண்டிலும் ஒன்றாக அமைந்துள்ளது. சீனமொழி இதே தொடரை 'வூ யீயீ ஜெங்மிங்' என வழங்குகிறது. 'யீயீ' என்பதன் பொருள் 'மாறுபட்ட கருத்து'. ஆகவே சீனத் தொடர் 'மாறுபட்ட கருத்து இல்லை என்பதற்கான சான்று' ஆகிறது. இம்மூன்று சொற்களும் கருத்துடைய ஒரு மனிதரை முன்னிறுத்துகின்றன. 'தடை' என்னும் தமிழ்ச்சொல்லோ செயலைத் தடுக்கும் பொருளையோ ஆணையையோ முன்னிறுத்துகிறது.

எனினும் 'தடை' பிழையான தேர்வு எனக் கூறிவிட இயலாது. உரைமரபில் 'தடைவிடை' என்னும் தொடர் உண்டு. அங்குத் தடை என்பது எதிர்வாதி எழுப்பும் மறுப்பு. விடை என்பது அதற்கான பதில். வடமொழி அணியிலக்கணத்தின் 'ஆக்ஷேபம்' தண்டியலங்காரத்தில் 'முன்னவிலக்கு' எனப் பெயர் பெற்றதும் ஒப்புநோக்கத்தக்கது. எறிதலைச் சுட்டும் சொல்லை விலக்குதலைச் சுட்டும் சொல்லால் பெயர்க்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று.

சிக்கல் இன்றைய வழக்கில் உள்ளது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு முழுமையான தடை விதிக்க மறுத்தது. ஆனால் சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை விதித்தது. சிவகாசி வட்டாரத்தில் 'தடை' என்றால் முதலில் நினைவுக்கு வருவது இத்தகைய அரசு அல்லது நீதிமன்ற ஆணையே. அந்நிலையில் 'தடையின்மைச் சான்று' என்பதைக் கேட்பவர், 'தடை ஏதுமில்லை, ஆலை நடத்தலாம்' எனப் பொருள் கொள்ள இடமுண்டு. முந்திய படி, அனுமதியாகவே தோன்றிவிடுகிறது.

இலக்கண நோக்கு

'தடையில்லாச் சான்று' என்பதில் 'இல்லா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அது 'சான்று' என்னும் பெயரைத் தழுவுவதால், 'தடை இல்லாத சான்று' எனவும் விரியும்; சான்றுக்கே தடையில்லை என்னும் பொருள் தோன்றும். 'தடையின்மைச் சான்று' என்பதில் 'இன்மை' பெயராக நிற்பதால், 'தடையின்மையைக் கூறும் சான்று' என ஐயமின்றி விரிகிறது. ஆதலின் 'இல்லா' வடிவத்தினும் 'இன்மை' வடிவமே கொள்ளத்தக்கது.

அறுபடும் தொடர்பு

ஆங்கிலத்தில் அறிவிப்பு 'அப்ஜெக்‌ஷன்' கோருகிறது. சான்றும் 'அப்ஜெக்‌ஷன்' இல்லை என்கிறது. ஒரே சொல் நடைமுறையின் தொடக்கத்தையும் முடிவையும் இணைக்கிறது. தமிழகத்து வருவாய்த் துறை அறிவிப்புகளில் இவ்விடத்தில் பெரிதும் வழங்குவது 'ஆட்சேபணை'. சான்றோ 'தடையின்மை' எனப் பெயர் பெறுகிறது. தம்மிடம் கேட்கப்பட்ட ஆட்சேபணைக்கும் பின்னர் வழங்கப்பட்ட சான்றுக்கும் உள்ள உறவு ஊராருக்குச் சொல்லளவில் புலப்படுவதில்லை. 'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்பது உலக வழக்கு. அறிவிப்பின் பயனை உணராது வாளாவிருந்தவரின் மௌனமும் இங்கு 'ஆட்சேபணை இல்லை' என்றே கொள்ளப்படக்கூடும்.

இதன் விளைவு சிறிதன்று. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உதவச் சென்ற அக்கம்பக்கத்தினரும் அவர்களுள் அடங்குவர். ஆலையின் இடர் அதன் மதிலுக்குள் நிற்பதில்லை. ஆதலால்தான் விதிகள், ஆலை அமைவதற்கு முன்பே அண்டை வாழ்வோரின் சொல்லைக் கேட்கின்றன.

முடிவுரை

'தடை' என்பது மரபில் மறுப்பையும் இன்றைய வழக்கில் விலக்காணையையும் குறிக்கிறது. இப்பொருள் மாற்றத்தால் 'தடையின்மைச் சான்று' அனுமதியெனத் தவறாக உணரப்பட வாய்ப்புண்டு. அறிவிப்பிலும் சான்றிலும் ஒரே சொல்லை ஆள்வது இதற்கு எளிய தீர்வாகும். 'ஆட்சேபணை' கோரும் அறிவிப்பின் முடிவில் 'ஆட்சேபணையின்மைச் சான்று' வழங்கலாம். தூய தமிழ் வடிவம் வேண்டுமெனில் 'மறுப்பு', 'மறுப்பின்மைச் சான்று' என இரண்டையும் ஒருங்கே மாற்றலாம். ஆட்சிச்சொல்லாக்கத்தில் தனிச்சொல்லின் தூய்மையோடு, ஒரு நடைமுறை முழுவதிலும் அச்சொல் தொடர்ந்து வருகிறதா என்பதும் அளவுகோலாக வேண்டும்.