வண்டிக்குப் புதுச் செருப்பு!

ஆம்பூர்க்காரர்களிடம் செருப்பைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று அந்தப் பக்கம் நெடுகத் தோலும் காலணியுமே பெரும் பிழைப்பு. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் நடை கோணிவிடும் என்பதை அங்கே சின்னக் குழந்தைகூடச் சொல்லும். ஆனால், வீட்டு வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிளின் செருப்பு தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

டயரைத்தான் சொல்கிறேன்.

"இதெல்லாம் ஆண்கள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! பின் ஆசனத்தில் உட்காருகிறவர்கள் நீங்கள். வண்டி வழுக்கினால் முதலில் அடிபடுகிறவர்களும் நீங்கள்தான். இப்போதெல்லாம் தாமே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்களும் ஏராளம். ஆகவே சங்கதி எல்லாருக்கும் பொது.

தெரியாமல் தேய்வது

கார் டயரின் மேற்புறம் தட்டை. மோட்டார் சைக்கிள் டயரோ வளைந்து உருண்டிருக்கும். காரணம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் சாய்ந்துதான் திரும்புகிறது. சாயச் சாய, தரையைத் தொடும் இடம் டயரின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நழுவிக்கொண்டே போகும். அப்படித் தொடுகிற இடம் அதிகம் போனால் ஓர் உள்ளங்கை அளவு. இரண்டு பேரின் உயிர் அந்த உள்ளங்கையில்!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகும் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையைப் போல நேராக நீண்ட சாலையிலேயே தினமும் ஓடினால் என்ன ஆகும்? பழைய அம்மி நடுவில் தேய்வது போல டயரும் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரங்கள் அப்படியே விளிம்பு கட்டி நிற்கும்.

நேர்ச் சாலையில் இது தெரியாது. வளைவில்தான் தெரியும். வாணியம்பாடிக்குத் தெற்கே ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். தேய்ந்த டயரோடு அங்கே போனால், வண்டி முதலில் சாய மறுத்து முரண்டு பிடிக்கும். பிறகு படி தவறியது போலத் தொப்பென்று சாயும். ஆனாலும் ஓட்டுகிறவர், "என் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது" என்பார். பொய் அல்ல. ஒரே நாளில் கெட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பார். மாதக்கணக்கில் இம்மி இம்மியாகக் கெட்டதால், கை அதற்குப் பழகிவிட்டது.

புதுசு போட்டதும்

இனி, இரண்டு டயரையும் மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடையிலிருந்து வெளியே வந்து முதல் திருப்பத்தில் திடுக்கிடுவார். வண்டி லேசாகிவிட்டது! சாய்க்க நினைப்பதற்குள் சாய்கிறது. "டயர் சரியில்லையோ?" என்று சந்தேகம் வரும்.

டயர் சரியாகத்தான் இருக்கிறது. பழைய உருண்டை வடிவம் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். வண்டி வாங்கிய புதிதில் அதன் சுபாவமே இதுதான். இரண்டொரு நாளில் கை மறுபடியும் பழகிவிடும். சாய்வது ஒரே சீராக இருக்கும். சாலையிலுள்ள வரப்பும் பிளவும் வண்டியை முன்போல் பக்கவாட்டில் இழுக்காது.

பளபளப்பை நம்பாதீர்கள்

ஆனால் ஓர் எச்சரிக்கை. புதுச் செருப்பு கடிக்கும். புது டயர் வழுக்கும்! அச்சிலிருந்து வார்த்தெடுத்த டயரின் மேல்தோல் வழவழவென்று இருக்கும். அது தேய்ந்து சொரசொரப்பானால்தான் சாலையைக் கவ்விப் பிடிக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரையிலாவது திடீர் பிரேக், திடீர் வேகம், ஆழ்ந்த சாய்வு மூன்றும் கூடாது. சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான் ஓரங்களும் பதப்படும். ஐப்பசி மழையில் டயர் மாற்றினால் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும்.

பதப்படுத்துவது என்றதும் நினைவுக்கு வருகிறது. பச்சைத் தோல் அழுகிப் போகும்; ஆவாரம் பட்டை போன்ற சரக்கில் ஊறினால்தான் உறுதிப்படும். பச்சை ரப்பரும் அப்படியே. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது திடமாகும் என்று 1839-இல் கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: உள்ளே தனித்தனியாகக் கிடக்கும் இழைகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டுப் பிணைப்பது. தோல் ஊர்க்காரர்களுக்கு டயர் அந்நியமல்ல, உறவுதான்!

நீங்களே பார்க்கலாம்

டயரின் பள்ளங்களுக்குள் அங்கங்கே சிறு மேடுகள் இருக்கும். அந்த மேட்டின் மட்டத்துக்கு மேற்பரப்பு தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இரு சக்கர வண்டிக்கு அந்த அளவு 0.8 மில்லிமீட்டர். மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்களே. மொட்டை டயருக்கு ஈரச் சாலை பாசி பிடித்த கிணற்றடிதான்.

பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2324 என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. பள்ளம் மிச்சமிருந்தாலும், வருஷக்கணக்கில் வெயில் காய்ந்த ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும்.

மாட்டும்போது, பக்கத்திலுள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்டுகிறதா என்று கவனியுங்கள். காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள்.

வீட்டில் எல்லாருக்கும் பண்டிகைக்குப் புதுச் செருப்பு வாங்கும்போது, வாசலில் நிற்கிறவனையும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். அவன் வாய் திறந்து கேட்கமாட்டான்!