சரித்திரத்தில் இல்லாத நந்தினி

தியாகராய நகர் தீனதயாளு தெரு வானதி பதிப்பகத்திலிருந்து 'பொன்னியின் செல்வன்' போய்ச் சேராத மயிலாப்பூர், அடையாறு வீடுகள் குறைவு. படித்தவர் மனத்தை நந்தினியைப் போல் கலக்கியவள் வேறு யார்? சோழ குலத்தையே பழிவாங்கப் புறப்பட்ட அந்தப் பழுவூர் இளையராணி, சரித்திரத்தில் இல்லவே இல்லை!

1950 முதல் 1954 வரை கல்கி இக்கதையை வாரந்தோறும் எழுதினார். அவருக்குக் கைகொடுத்தது சரித்திரத்தில் இருந்த ஓர் ஓட்டை. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. அவர்களுடைய நிலங்கள் பறிமுதலான செய்தியும் அதில் உண்டு. ஏன் கொன்றார்கள்? கல் வாய் திறக்கவில்லை. "இப்படியும் நடந்திருக்கலாமே!" என்று அந்த இடத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார் கல்கி. கத்தி யார் கையில் இருந்தது என்பதைக் கடைசிவரை அவரும் தெளிவாகச் சொல்லவில்லை. கெட்டிக்காரர்!

ஒரு சங்கடம். நந்தினியை நிஜம் என்று நம்புகிறவர்கள், குந்தவையைக் கற்பனை என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த அம்மையார் ராஜராஜனின் சொந்தத் தமக்கை. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தாம் கொடுத்தவற்றோடு அக்கா கொடுத்தவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டும்படி ராஜராஜனே ஆணையிட்டான். தஞ்சைக்குப் போகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கலாம்.