வீட்டிலேயே மோட்டார் சைக்கிள் பராமரிப்பு

மோட்டார் சைக்கிள் ஒரு காலத்தில் வசதி படைத்தோரின் வாகனமாக இருந்தது. இன்றோ பால்காரர், விவசாயி, பள்ளி ஆசிரியர் ஆகிய எல்லோருடைய வீட்டு வாசலிலும் அது நிற்கக் காண்கிறோம். பாலசமுத்திரம் போன்ற சிற்றூரிலிருந்து அலுவலாகச் சித்தூருக்கோ திருப்பதிக்கோ சென்று வருவோருக்கு அது இன்றியமையாத துணை. வழியில் அது நின்றுவிட்டால் ஒரு நாள் வருவாய் போகும். பிரேக் பிடிக்காவிட்டால் உயிரே போகும். ஆகவே, அதனை வீட்டில் எந்த அளவுக்குப் பராமரிக்கலாம் என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் இங்கிலாந்துப் பாகங்களைப் பூட்டியும், பின்னர் முழுவதும் இங்கேயே செய்தும் 350 ஸி.ஸி. புல்லட் வண்டிகள் வெளிவந்தன. அக்காலத்துப் புல்லட் வைத்திருந்தவர் கான்டாக்ட் பாயின்ட், டாப்பெட், கார்புரேட்டர் ஆகியவற்றைத் தாமே சரிசெய்யக் கற்றிருந்தார். 2020 ஏப்ரல் முதல் நாளன்று பி.எஸ்.-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புது வண்டிகளில் பெட்ரோல் செலுத்துவதை மின்னணுச் சாதனமே கவனித்துக்கொள்கிறது. அதில் நாம் கைவைக்க வேண்டியதில்லை. ஆனால் டயர், பிரேக், செயின் ஆகிய மூன்றும் இன்றும் உரியவரின் கண்ணையும் கையையுமே நம்பியுள்ளன. உயிரைக் காப்பவையும் இவையே.

டயரின் காற்றை வாரம் ஒருமுறையேனும், வண்டி ஓடுவதற்கு முன்பே அளக்க வேண்டும். ஓடிய டயரில் காற்று சூடேறி விரிவதால் அளவு கூடுதலாகத் தோன்றும். உரிய அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். பின்னால் ஒருவர் அமரும்போது பின் டயருக்குச் சற்று அதிகம் தேவை. டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் காணப்படும். தேய்மானம் அம்மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும்.

டிரம் பிரேக்கில் கம்பியின் முனையிலுள்ள நட்டைத் திருகி, மிதி பிடிக்குமுன் கையேட்டில் கண்ட அளவு இடைவெளி இருக்குமாறு செய்யலாம். பின்னர் சக்கரத்தைக் கையால் சுழற்றி, அது உரசாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக்கை அழுத்தும்போது அடையாள முள் எல்லைக்குறியை எட்டினால், திருகிப் பயனில்லை. பிரேக் ஷூவையே மாற்ற வேண்டும். டிஸ்க் பிரேக்காயின், திரவத்தின் மட்டம் கீழ்க்கோட்டுக்கு மேல் இருக்க வேண்டும். மட்டம் தாழ்ந்தால் பிரேக் பேடு தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கேனும் கசிவு இருக்கலாம். அப்போது திரவத்தை ஊற்றி நிரப்புவதோடு நின்றுவிடாமல் பட்டறைக்குச் செல்ல வேண்டும்.

செயினுக்கே மிகுந்த கவனம் வேண்டும். புழுதிச் சாலையில் ஓடும் செயின் மணலும் எண்ணெயும் கலந்து, அரம் போல் பற்சக்கரத்தைத் தேய்க்கிறது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணைத்துச் சாவியையும் எடுத்துவிட வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான தூரிகையால் துடைத்து, உலர்ந்தபின் 90 எண் கியர் ஆயிலைச் சிறிதளவு இட்டு, மிகையானதைத் துணியால் துடைத்துவிடலாம். வெளிச்செயின் உள்ள வண்டிகளுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்வது நலம். சக்கரத்தைக் கையால் மட்டுமே சுழற்ற வேண்டும். வேலை விரைவில் முடியுமென்று எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைப்போர் உண்டு. துணியின் நுனி பற்சக்கரத்தில் சிக்கினால், கையை இழுத்துக்கொள்ள நேரமிராது, விரல்கள் துண்டாகிவிடும்.

செயினின் தளர்ச்சியைக் கீழ்ப்பகுதியின் நடுவில் மேலும் கீழும் அசைத்து அளக்க வேண்டும். பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை பொருந்தும். செயின் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஆதலால், சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, மிக இறுக்கமான இடத்திலேயே அளவெடுப்பது முறை. சரிசெய்யும்போது இருபுறத்து அடையாளங்களும் சமமாக இருக்க வேண்டும். இல்லையேல் சக்கரம் கோணலாகும். அச்சு நட்டை மீண்டும் நன்றாக இறுக்கி, பின் பிரேக்கையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

எஞ்சின் ஆயிலின் மட்டத்தைச் சமதரையில் வண்டியை நேராக நிறுத்திப் பார்க்கலாம். மாற்றிய பழைய ஆயிலைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. டப்பாவில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும். பெட்ரோல் வாடை உள்ள இடத்தில் நெருப்பும், மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டுவதும் கூடவே கூடாது.

இவையனைத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அரைமணி நேரமும், சில ஸ்பானர்களும் போதும். இதற்கு மேற்பட்ட எஞ்சின் வேலை, ஏ.பி.எஸ். அமைப்பு, எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.