கடைத்தெருவில் வைஃபை: மூன்று தடங்களைப் பங்கிட்டுக் கொள்வோம்

எஸ்.டி.டி. பூத் நடத்திய வியாபாரிகள் நம்மில் பலர் உண்டு. வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலத்தில் அந்தக் கண்ணாடி அறை கடைக்கு வருமானமும் தந்தது, ஆட்களையும் கூட்டி வந்தது. செல்போன் வந்ததும் அது மறைந்தது. இணையத்தையும் அதேபோல் கடை வழியே கொடுக்கலாம் என்று மத்திய அமைச்சரவை 2020 டிசம்பர் 9 அன்று ஒப்புதல் அளித்த திட்டம்தான் பி.எம். வாணி. மளிகைக் கடையோ தேநீர்க் கடையோ, எதுவும் ‘பொதுத் தரவு அலுவலகம்’ ஆகலாம். சுருக்கமாகப் பி.டி.ஓ. என்கிறார்கள், வட்டார வளர்ச்சி அலுவலர் என்று எண்ணிவிட வேண்டாம். கடைக்காரருக்கு உரிமமும் பதிவும் தேவையில்லை, அரசுக்குக் கட்டணமும் இல்லை. அரசிடம் பதிவு பெற்ற ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்தால் போதும். வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பது அவர்கள் பொறுப்பு.

இணைப்புக் கட்டணம் கட்டுப்படியாகாமல் பல கடைக்காரர்கள் தயங்கினார்கள். 200 எம்.பி.பி.எஸ். வரையிலான வீட்டு ஃபைபர் திட்டங்களை, வீட்டுக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மிகாமல் பி.டி.ஓ.க்களுக்குத் தரவேண்டும் என்று டிராய் 2025 ஜூனில் ஆணையிட்டது. சேர விரும்புவோர் இதைச் சொல்லிக் கேட்கலாம். பூத் காலத்து வருமானத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

கணக்கு இப்படி. ஆனால் பெட்டியை மாட்டிய பின் வருகிற சிக்கல் வேறு, அது பணத்தால் தீராதது.

பெரணமல்லூர் கடைத்தெருவையே எடுத்துக்கொள்வோம். சுவரோடு சுவர் ஒட்டிய கடைகள். ஆளுக்கொரு வைஃபை பெட்டி வைத்தால் என்ன ஆகும்? பெரும்பாலான பெட்டிகள் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் வேலை செய்கின்றன. 2005 முதல் இந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டியதில்லை. யாருக்கும் சொந்தமில்லாத சந்தை மைதானம் மாதிரிதான் இது. இதில் 13 தடங்கள், அதாவது சேனல்கள், எண்ணிடப்பட்டுள்ளன. ஆனால் தடத்துக்குத் தடம் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு பெட்டி பேச எடுத்துக்கொள்வதோ 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒன்றையொன்று உரசாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்று தடங்களே.

நான்காவது கடைக்காரர் என்ன செய்வார்? ‘1-லும் ஆள் இருக்கிறது, 6-லும் இருக்கிறது, நடுவில் 3-ஐ வைப்போம்’ என்பார். நியாயமாகத்தான் தோன்றும், ஆனால் தவறு. ஒரே தடத்தில் உள்ள இரு பெட்டிகள் ஒன்றின் பேச்சை மற்றது கேட்டு, முடியும் வரை காத்திருந்து பேசும். மண்டியில் ஒரே தராசுக்கு வரிசையில் நிற்பது போல. தாமதமாகும், ஆனால் எடை விழும். 3-ல் நிற்பவர் பேச்சு 1-க்கும் 6-க்கும் புரியாத இரைச்சலாகவே போய்ச் சேரும். ஒருவருக்கும் வேலை நடக்காது. அவரும் 1-லோ 6-லோ 11-லோ சேர்ந்து வரிசையில் நிற்பதே மேல்.

இதை இயந்திரமே பார்த்துக்கொண்ட காலமும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990களில் உருவாக்கிய கார்டெக்ட் கருவி, 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு அதன் வழியேதான் இணையம் போனது. வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான். ஆனால் ஒவ்வோர் இணைப்பின்போதும் காலியான தடத்தைக் கருவி தானே தேடிப் பிடித்தது.

இன்றைய சாதாரண வைஃபை பெட்டிக்கு அவ்வளவு சமர்த்து கிடையாது. ‘ஆட்டோ’ என்று விட்டால் பல பெட்டிகள் மின்சாரம் வந்தவுடன் ஒருமுறை தடம் பார்ப்பதோடு சரி. மின்வெட்டு முடிந்து தெரு முழுவதும் பெட்டிகள் ஒரே நேரத்தில் விழித்தால், பல பெட்டிகள் ஒரே தடத்தில் போய் உட்காரக்கூடும். எனவே தடத்தைக் கையாலேயே எழுதி வைக்கவும். ‘அகலம்’ என்ற இடத்தில் 40 இருந்தால் 20 ஆக்கவும்; 40 வைப்பவர் மூன்று தடங்களில் இரண்டை விழுங்குகிறார். நாடு என்ற இடத்தில் இந்தியா இருக்கட்டும்.

சக்தியைக் கூட்டினால் நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. பெட்டியின் குரல் தெருக்கோடி வரை கேட்கும். அங்கிருக்கும் செல்போனின் மெல்லிய குரல் பெட்டிக்குக் கேட்காது. கோடுகள் நிறையத் தெரியும், பணம் மட்டும் போகாது. நடுத்தரமாக வைத்து, பெட்டியை உயரத்தில் மாட்டுங்கள். எண்ணெய் டின் அடுக்கின் பின்னால் வைத்தால் தகரம் மறைக்கும். பேக்கரிக்காரர்கள் மைக்ரோவேவ் அடுப்புக்கு அருகே வைக்கக்கூடாது. அதுவும் ஏறக்குறைய 2450 மெகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது.

புதிய பெட்டி வாங்குவோர் 5 கிகாஹெர்ட்ஸும் உள்ளதாகப் பார்த்து வாங்கவும். 2018-ல் அங்கே அதிக இடம் உரிமமின்றித் திறக்கப்பட்டது. சுவர் தாண்டுவது குறைவு என்பதால் பக்கத்துக் கடைக்குத் தொந்தரவும் குறைவு. பில் போடும் கணினியை அதில் தனிப் பெயரில், தனிக் கடவுச்சொல்லோடு வைக்கலாம். வாடிக்கையாளர் இணைப்பில் அதைச் சேர்க்கவே கூடாது. கடன் கணக்கும் கொள்முதல் விலையும் அதில்தானே இருக்கின்றன.

தடப் பங்கீட்டை ஒரு கடைக்காரர் தனியாகச் செய்ய முடியாது. சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு தாள் போதும்: கடை வரிசைப்படி 1, 6, 11, மீண்டும் 1, 6, 11. எதிர்ச்சாரியில் 6-லிருந்து தொடங்கலாம். புதிதாகப் பெட்டி வைப்பவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வைக்கட்டும்.