விற்சுருள் ஏன் தளர்கிறது?

மாணவர்களே, அழுத்தும் பேனையின் விற்சுருள் நாளடைவில் தளர்வதைக் கண்டிருப்பீர்கள். துப்பாக்கி ரவைக்கூட்டில் ரவைகளை மேலே தள்ளும் விற்சுருளும் இவ்வாறே பலம் குன்றுகிறது. காரணம் கேட்டால் பலர் "நெடுநாள் அமுங்கிக் கிடந்தமை" என்று மட்டும் எழுதுவர். இவ்விடை முழுமையானதன்று.

அடிப்படை விதி

விகிதசம எல்லையினுள் விற்சுருளின் நீட்சி, பிரயோகிக்கப்படும் விசைக்கு நேர்விகிதசமமாகும். இது ஊக்கின் விதி. ரொபேட் ஊக் இதனை 1678 இல் விளக்கி வெளியிட்டார். மீள்தன்மை எல்லையைத் தாண்டாதவரை, விசையை நீக்கியதும் விற்சுருள் பழைய நீளத்தை அடையும்.

தளர்வதற்கான காரணங்கள்

1. மிகைச்சுமை: மீள்தன்மை எல்லையைத் தாண்டினால் உலோகப் பளிங்குகளில் அணுப்படைகள் வழுக்கி இடம்மாறும். அவை பழைய நிலைக்குத் திரும்பா. எனவே நிரந்தர விகாரம் ஏற்படும்.

2. உலோகக் களைப்பு: பல்லாயிரம் தடவை அமுக்கி விடும்போது நுண்ணிய வெடிப்புகள் தோன்றி வளரும். இறுதியில் சிறு சுமையிலும் உலோகம் முறியலாம். 1954 இல் இரண்டு கொமெற் விமானங்கள் வானில் சிதறியமைக்கு உலோகக் களைப்பே காரணம் என விசாரணையில் முடிவு செய்யப்பட்டது.

3. தகைப்புத் தளர்வு: தொடர்ந்து அமுக்கி வைத்தால் விற்சுருளின் விசை மெல்லக் குறையும். நல்ல உருக்கில், அறை வெப்பநிலையில், எல்லைக்கு மிகவும் கீழே இது மிகச் சிறிதே. வெப்பநிலை கூடினாலோ, எல்லைக்கு அண்மையில் அமுக்கினாலோ அதிகரிக்கும்.

4. துருப்பிடித்தல்: வெள்ளவத்தைக் கடற்கரையின் உப்புக்காற்றில் இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும். துருவால் உண்டாகும் குழிகளிலிருந்து வெடிப்பு தொடங்கும்.

மாதிரி வினா

கொட்டாஞ்சேனையில் மீன் வாங்கச் சென்ற ஒருவர், வெறுமையான விற்றராசின் காட்டி 50 கிராமில் நிற்பதைக் கண்டார்.
(அ) காரணம் யாதாக இருக்கலாம்?
(ஆ) நட்டம் யாருக்கு?

விடை

(அ) மிகைச்சுமை தொங்கவிடப்பட்டு, விற்சுருள் மீள்தன்மை எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டிருக்கலாம்.
(ஆ) வாங்குபவருக்கு. தராசு 500 கிராம் காட்டும்போது, மீன் ஏறத்தாழ 450 கிராமே இருக்கும்.

கவனிக்க: விடையில் "மீள்தன்மை எல்லை" என்ற சொல்லைத் தவறாது எழுதுக. வீட்டுக்குப் பொருள் வாங்கச் செல்லும்போதும், நிறுக்க முன்னர் காட்டி பூச்சியத்தில் நிற்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.