நரம்பா, தமனியா, சிரையா? கழுத்துக் குருதிக்குழாய்களும் தமிழ்ச் சொற்களும்

'கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்' என்பது புக்கிட் ரோத்தான், ஈஜோக் தோட்டங்களிலும் வழங்கும் தொடர். ஆயின் அங்கே புடைப்பது நரம்பன்று, குருதிக்குழாய். உரத்துக் கத்துங்கால் நெஞ்சறையின் அழுத்தம் உயர்கிறது. தலையிலிருந்து இறங்கும் குருதி தடைப்பட்டுத் தோலடியிலுள்ள புறக் கழுத்துச் சிரையில் தேங்குகிறது. அதுவே நம் கண்ணுக்குத் தெரியும் புடைப்பு.

'நரம்பு' என்னும் சொல் பரந்த பொருளுடையது. யாழின் தந்தியும், இலையின் கோடும், தசைநாணும், குருதிக்குழாயும் அதனுள் அடங்கும். மலாய்மொழியின் 'உராட்' என்பதும் இவ்வாறே பலபொருள் தருவது. பேச்சில் இது பிழையன்று. அறிவியலிலோ பிரித்துரைத்தல் வேண்டும். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது தமனி; இதயத்திற்கு மீட்டுக் கொணர்வது சிரை; உணர்வையும் கட்டளையையும் கடத்துவது நரம்பு.

தமனி, சிரை என்பன வடமொழிவழி வந்து தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிலைத்தவை. இலங்கைப் பாடநூல்கள் அவற்றை முறையே நாடி, நாளம் என்கின்றன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலையும் வெளியிட்டார். இரு மரபு நூல்களையும் பயிலும் நம் மாணவர் ஒன்றை நினைவிற் கொள்க: 'இரத்த நாளம்' என்று நாம் எல்லாக் குழாய்களையும் பொதுவாகச் சுட்டுகிறோம், இலங்கை நூல்களில் 'நாளம்' சிரையை மட்டுமே குறிக்கும்.

இனி அமைப்பைக் காண்போம். குரல்வளையின் இருபுறமும் விரல் வைத்தால் துடிப்பது பொதுக் கழுத்துத் தமனி. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பை ஒட்டி அது இரண்டாகப் பிரிகிறது. புறக்கிளை முகத்திற்கும் உச்சந்தலைத் தோலுக்கும் செல்கிறது. அகக்கிளை மூளைக்கும் கண்ணுக்கும் செல்கிறது. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறும் இரு முள்ளெலும்புத் தமனிகளும் மூளையின் அடியில் இவற்றோடு இணைந்து ஒரு வளையமாகின்றன. மூளையினின்று குருதியை இறக்குவது அகக் கழுத்துச் சிரை. அது தமனியின் அருகே ஒரே உறைக்குள் ஓடுகிறது. அவ்வுறைக்குள் உண்மையான நரம்பொன்றும் உண்டு, அதுவே அலைநரம்பு.

கழுத்துத் தமனியின் மேலைப்பெயர், ஆழ்மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. அதனை அழுத்தினால் மயக்கம் வரும் என்பதைப் பண்டையோர் அறிந்திருந்தனர். ஆகவே, நாடித்துடிப்பைப் பார்க்கும் மாணவர் ஒருபுறம் மட்டும் மெல்லத் தொடுக. இருபுறமும் ஒருங்கே அழுத்தற்க.

சொற்றெளிவு உயிர்காக்கவும் உதவும். வாய் கோணி, ஒரு கை சோர்ந்து, பேச்சுக் குழறினால், அதனை 'நரம்பு இழுப்பு' என்று கருதி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவோர் உளர். அது பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் தமனி அடைபட்டதனால் நேரும் பக்கவாதம். அங்கே ஒவ்வொரு நிமிடமும் மூளைத் திசு அழிகிறது. உடனே 999 எண்ணை அழைத்து மருத்துவமனைக்கு விரைதலே தக்கது.

ஆசிரியர்கள் 'நரம்பு' என்ற வழக்கை இகழ வேண்டா. 'எந்த நரம்பு? துடிக்கிறதா, புடைக்கிறதா, உணர்கிறதா?' என்று மாணவரை வினவுக. அவ்வினாவிலேயே தமனியும் சிரையும் நரம்பும் தனித்தனியே விளங்கிவிடும்.